விலகுவதா, விழுங்குவதா, வாய்விட்டுச் சொல்வதா? பிள்ளைமேல் கோபம் வரும்போது

சேலம் கொண்டலாம்பட்டியில் எங்கள் தெருமுனைக்கு ஸ்கூல் வேன் ஏழே முக்காலுக்கு வரும். அங்கே காத்து நிற்கிற அம்மாக்களில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஒரு ஷூவைக் காணோம், டைரியில் கையெழுத்து வாங்கவில்லை, தோசை தட்டிலேயே காய்கிறது என்று கத்திக் கத்திக் கட்டிய தொண்டை. வேன் போனதும் ஒருத்தியாவது சொல்லிவிடுவாள்: "இன்னைக்கும் திட்டித்தாங்க அனுப்பினேன். மனசே சரியில்ல."

அதற்கு அடுத்த கேள்வி, "திட்டாம எப்படித்தான் வளக்குறது?" உடனே ஆளுக்கொரு யோசனை வரும். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்பார் ஒருத்தர். பிள்ளையை அப்பாவிடம் விட்டுவிடு என்பார் இன்னொருத்தர். பத்து வரை எண்ணு, பல்லைக் கடித்துக்கொள் என்பார்கள். எல்லாமே சரிதான், ஆனால் எதை எப்போது செய்வது, எதற்கு என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை. எட்டாவது படிக்கிற மகள், இரண்டாவது படிக்கிற மகன் என்று இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் செய்து பார்த்து, முக்கால்வாசியில் தோற்றவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில், எதை வைத்து அளப்பது

போன வருடம் மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போனோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவிலேயே பையன், "அம்மா, ஒரு மாதிரி இருக்கு" என்றான். "ஒண்ணும் ஆகாது, ஜன்னல் பக்கம் பாரு" என்றேன். ஒன்பதாவது வளைவில் என் புடவை, அவன் சட்டை, முன்சீட்டுக்காரரின் பை என்று ஒன்று விடாமல் வாந்தி. நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "வெக்கமா இல்ல உனக்கு? இத்தன பேர் முன்னாடி மானத்த வாங்குறியே!" முன்சீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பையைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்த ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் இறங்கி வரும்போது பையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. "வருதா கண்ணு?" என்று கேட்டால் இல்லையென்று தலையை ஆட்டுகிறான். அடிவாரத்தில் பஸ் நின்றதும் இறங்கி ஓடி, யாரும் பார்க்காத ஒரு மரத்தடியாகத் தேடிப்போய் எடுத்தான். முதல் தடவை ஐந்தாவது வளைவிலேயே என்னிடம் சொன்ன பிள்ளை அவன். நான் பேசிய பேச்சுக்குப் பலன், அடுத்த தடவை சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு முதல் அளவுகோல் இதுதான்: இப்படி நடந்துகொண்டால், அடுத்த முறை பிள்ளை என்னிடம் வந்து சொல்லுமா? மற்ற நான்கும் இதற்குப் பின்னால்தான். கோபம் ஏறிய பத்து நொடிக்குள் அந்த வழி கைக்கு வருமா? நாலு பேர் முன்னால் செய்ய முடியுமா? நடக்க வேண்டிய காரியம் (ஷூ, வேன், வீட்டுப்பாடம்) நடக்குமா? அப்புறம் ராத்திரி படுத்தால் நமக்குத் தூக்கம் வருமா?

ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-இல் குற்ற உணர்வையும் அவமானத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வு செய்த காரியத்தைப் பற்றியது, அவமானம் ஆளைப் பற்றியது. காரியம் தப்பு என்றால் திருத்திவிடலாம். ஆளே தப்பு என்றால் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் கூடாது, மன உளைச்சல் தரவும் கூடாது என்கிறது. டீச்சர் சொன்னால் சண்டைக்குப் போவோமே, அதே வார்த்தையை வீட்டில் நாம் தாராளமாகச் சொல்கிறோம். வீட்டுக்குள் அந்தப் பிரிவு வராது.

வழி 1: விழுங்கிவிடுவது

நல்ல அம்மா என்றால் கோபமே வராது என்று நினைக்கிறவர்கள் தேர்ந்தெடுப்பது இது. பத்து நொடிக்குள் கைக்கு வரும், நாலு பேர் முன்னாலும் செய்யலாம். ஆஸ்பத்திரி வரிசையில், துக்க வீட்டில், மாமியார் வீட்டுப் பந்தியில் இதை விட்டால் வேறு வழியும் இல்லை.

ஆனால் இது கடன். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே அது குறைவதில்லை, உடம்பின் படபடப்பு கூடத்தான் செய்கிறது என்று ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் 1990-களிலேயே காட்டின. என் வீட்டில் திங்கள் முதல் சனி வரை விழுங்கியது ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் பால் கொட்டியதற்கு வெளியே வந்தது. பால் கொட்டினால் அம்மா இவ்வளவு கத்துவாள் என்று பையன் புரிந்துகொண்டான். அந்த வாரம் முழுக்கச் சேர்ந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிடக் கடனாக வாங்கலாம், அன்று ராத்திரிக்குள் யாரிடமாவது பேசி அடைத்துவிட வேண்டும்.

வழி 2: விலகிப் போவது

எல்லோரும் சொல்கிற யோசனை இது. கோபம் ஏறினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு, மூச்சு அடங்கியதும் திரும்பி வா. எனக்கும் கை ஓங்கப் போகிற நேரத்தில் காப்பாற்றியது இதுதான். ஆனால் இதில் மூன்று சிக்கல் உண்டு.

முதல் சிக்கல் இடம். ஏற்காட்டில் காபித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிற என் உறவுக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "எந்த ரூமுக்குக்கா போறது? இருக்கறதே ஒண்ணுதான்" என்று சிரித்தாள். அவள் செய்வது வேறு. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாள். தண்ணீர் வருகிறதா இல்லையா என்பது கணக்கில்லை. "அந்தப் பனிக்காத்து மூஞ்சில அடிச்சா சூடு எறங்கிரும்" என்றாள். போக ஒரு ரூம் வேண்டியதில்லை, கையில் ஒரு வேலை இருந்தால் போதும் என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது துணி மடிப்பது.

இரண்டாவது, பேசாமல் விலகினால் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்பது. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். எதற்கும் பதில் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். திட்டு இல்லை, அடி இல்லை, வெறும் முகம்தான். நம் வீடுகளில் இதற்குப் பெயரே இருக்கிறது, "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது". என் அம்மா இரண்டு நாள் வரை தாங்குவார். அந்த இரண்டு நாளுக்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு.

அதனால் போகிறபோது ஒரு வரி சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "அம்மாவுக்குக் கோபமா இருக்கு. இந்தத் துணிய மடிச்சுட்டு வந்து பேசுறேன்." வந்து பேசவும் வேண்டும். துணியை மடித்து முடித்ததும் கோபம் போய்விட்டது, அப்படியே சமையலுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். அங்கேதான் நான் பலமுறை கோட்டை விட்டேன். பிள்ளைக்குக் கதை பாதியிலேயே நிற்கிறது.

மூன்றாவது, எல்லா வயதுக்கும் எல்லா இடத்துக்கும் இது ஆகாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அழவிட்டு நகர்ந்தால் அது பின்னாலேயே வந்து காலைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழும். அடுப்பு எரிகிற இடம், மொட்டை மாடி, ரோட்டோரம் என்றால் பேச்சே இல்லை. வேன் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது விலகினால் வேன் போய்விடும்.

வழி 3: வாய்விட்டுச் சொல்வது

1962-இல் அமெரிக்காவின் பாசடீனா நகரத்தில் பெற்றோருக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்த தாமஸ் கார்டன் என்ற உளவியலாளரால் பரவிய முறை. "நீ இப்படி, நீ அப்படி" என்று பிள்ளையைச் சொல்வதை விட்டுவிட்டு, "எனக்கு இப்படி இருக்கிறது" என்று நம்மைச் சொல்வது.

தமிழில் இது ரொம்பச் சுலபம். நமக்குக் கோபம் வருகிறது, பசி வருகிற மாதிரி, காய்ச்சல் வருகிற மாதிரி. "எனக்குக் கோபம் வருது" என்ற வாக்கியத்தில் குற்றவாளி யாரும் இல்லை. வந்தது ஒன்று, அது போய்விடும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் சோம்பேறி, திருடன், பொய்சொல்லி, அழுமூஞ்சி, சொன்ன பேச்சு கேக்காதவன். இவை பட்டப்பெயர்கள், ஒட்டினால் உரிக்க நாளாகும். "நீ ஒரு சோம்பேறி" என்பதையும் "அழுக்குத் துணி இன்னும் கட்டில் மேலயே இருக்கு, பார்த்தா எனக்குக் கடுப்பா வருது" என்பதையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் பிள்ளை செய்ய ஒரு வேலை இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு தனிச் சிக்கல். வீட்டோடு நாலு விசைத்தறி ஓடுகிறது. "சாப்பிட வா" என்பதையே கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் கோபத்தில் கத்துவதற்கும் பாசத்தில் கூப்பிடுவதற்கும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது என்று நான் ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகள் சொன்னாள், "தெரியும்மா. கோவத்துல கத்தறப்ப எங்க முழுப் பேரச் சொல்லுவ." அதிலிருந்து தறிச்சத்தத்தில் எதையும் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு சொல்வேன். காதோடு கத்த முடியாது என்பது இதில் ஒரு வசதி.

இதிலும் மறைந்திருக்கிற செலவு உண்டு. "எனக்குக் கோபம் வருது" என்று ஆரம்பித்து, "உன்னாலதான் எனக்கு பிரஷர் ஏறுது, ஒருநாள் போய்ச் சேந்துருவேன், அப்பத் தெரியும்" என்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது குழந்தையின் தலையில் ஒரு உயிரைத் தூக்கி வைப்பது. ஏழு வயதுப் பையன் அதை நம்பிவிடுவான். பதின்மூன்று வயது மகள் நம்ப மாட்டாள், "வந்தா வரட்டும்" என்று போய்விடுவாள். அவளிடம் இந்த வழி எடுபடுவது ஸ்கூட்டியில் மட்டும்தான். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை, கேட்க வேறு ஆளும் இல்லை. தட்டுவடை செட் சாப்பிடப் போகிற வழியில் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

வழி 4: கைமாற்றிவிடுவது

அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்), அப்பா, சித்தி என்று வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் இதுதான் எல்லாவற்றிலும் வேகம். காரியமும் நடந்துவிடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் இதுதான் சரி, குழந்தை தனியாக விடப்படுவதில்லை.

"இரு, உங்கப்பா வரட்டும்" என்பது இந்தக் கணக்கில் வராது. அது மிரட்டல், அதோடு சாயங்காலம் களைத்து வருகிற மனிதரைப் போலீஸ் ஆக்குகிற வேலை. கைமாற்றுவது என்றால் நான் நகர, அவர் வருவது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். "நூல் அறுந்துருச்சு" என்பேன். தறியில் பாவு நூல் அறுந்தால் நிறுத்திவிட்டு முடிச்சுப் போட வேண்டும், அப்படியே ஓடவிட்டால் துணி நெடுகக் கோடு விழும். வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வருவார், நான் போய்த் தறியைப் பார்த்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரிந்துவிட்டது. அதனால் ஒன்றும் குறைந்து போகவில்லை.

இதன் செலவு ராத்திரி போனில் இருக்கிறது. பையனை அம்மாயியிடம் கொடுத்தோம், அவர் சமாதானப்படுத்திச் சோறு ஊட்டிவிட்டார், நல்லது. ஒன்பது மணிக்கு மாமாவிடம் இருந்து போன் வருகிறது. "இன்னைக்கு உன் மருமவன் என்ன பண்ணினான் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறது கதை. பையன் கட்டிலில் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாம் திட்டாமல் தப்பித்த அவமானம், இப்போது சொந்தக்காரர் வீடு முழுக்கச் சுற்றுகிறது. கைமாற்றுகிறவரிடம் முன்கூட்டியே ஒரு கோரிக்கை வைக்க வேண்டும்: சோறு ஊட்டுங்க, கதை மட்டும் வேண்டாம். பெரியவர்களிடம் இதைச் சொல்வது எளிதில்லை. அம்மாவிடம் நான் சொன்னபோது, "நான் என்ன ஊர்க்காரியா?" என்று ஒருநாள் பேசவில்லை.

வழி 5: முன்னாலேயே பேசி வைப்பது

தினமும் ஒரே விஷயத்துக்குக் கோபம் வருகிறது என்றால், அந்த நேரத்துக் கோபத்தைச் சமாளிப்பதில் அர்த்தமில்லை. ஷூ தினமும்தான் காணாமல் போகிறது. அமைதியாக இருக்கிற ஒரு சாயங்காலத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து, "ராத்திரி எட்டு மணிக்கு ஷூ வாசல் பலகையில இருக்கணும். இல்லன்னா, அது வர்ற வரைக்கும் டிவி இல்ல" என்று பேசிக்கொள்ளலாம். அப்புறம் காலையில் கத்த வேண்டிய தேவையே பாதி போய்விடும். ஐந்து வழிகளில் காரியம் நடப்பது இதில்தான் அதிகம்.

விலை நாம் கொடுப்பது. சொன்னதைச் செய்ய வேண்டும், நமக்குக் களைப்பாக இருக்கிற அன்றைக்கும். நாலு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் ஆத்திரத்தில் டிவியைப் பிடுங்கினால் அது பழைய கோபம்தான், பெயர் மட்டும் புதுசு. இன்னொரு பொறி: "புக்க எடுத்து வைக்கலன்னா அப்படியே போ, மிஸ் கேட்டா நீயே பதில் சொல்லு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் எழுப்பி நிறுத்தி நாற்பது பேர் முன்னால் கேட்கிற மிஸ்ஸாக இருந்தால், நாம் செய்யாத வேலையை அவரிடம் ஒப்படைக்கிறோம். முதலில் டீச்சர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டு இதைச் சொல்லுங்கள். பசி, தூக்கம், காய்ச்சல், வாந்தி எதற்கும் விளைவு வைக்கக் கூடாது. அவற்றைப் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை.

ஒரு பார்வையில்

| வழி | பிள்ளை அடுத்த முறை வந்து சொல்லுமா | நாலு பேர் முன்னால் | காரியம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| விழுங்குவது | சொல்லும், வெடிக்கும் வரை | முடியும் | நடக்காது | ஞாயிற்றுக்கிழமை வெடிப்பு |
| விலகுவது | சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் | கஷ்டம் | தள்ளிப் போகும் | மூஞ்சியைத் தூக்குவதாகத் தெரியும் |
| வாய்விட்டுச் சொல்வது | சொல்லும் | காதோடு என்றால் முடியும் | மெதுவாக | பிள்ளைமேல் பாரம் ஏற்றுவது |
| கைமாற்றுவது | வாங்கியவரிடம் சொல்லும் | முடியும் | உடனே | ஊர்க்கதை |
| பேசி வைப்பது | பெரும்பாலும் | தேவையே வராது | நன்றாக | நமக்கும் கட்டுப்பாடு |

யாருக்கு எது

காலை நேரத்து ஷூ, பை, டைரி வகையறாவுக்கு ஐந்தாவது வழி, அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. கைக்குழந்தை இருந்து வீட்டில் ஆளும் இருந்தால் கைமாற்றுங்கள். ஆள் இல்லாத வீடு என்றால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, அது பார்க்கிற தூரத்திலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு எந்த வழியாக இருந்தாலும் தனியாக. தோழி முன்னால், தம்பி முன்னால் சொல்கிற சாதாரண வார்த்தைகூட அந்த வயதில் குத்தும். பஸ், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்றால் அங்கே விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சொல்வதுதான் எனக்கு வாய்க்கிறது. ஒரே ஒரு வழியைத்தான் பழக முடியும் என்றால் மூன்றாவதைப் பழகுங்கள் என்பேன். வரத்தான் நாளாகும்.

ஐந்தும் தவறி, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டோம் என்றால்? மன்னிப்புக் கேட்டால் பிள்ளை தலைக்கு மேல் ஏறிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அம்மாவும் குழந்தையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, பிசகியதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதுதான் உறவை வளர்க்கிறது என்று அதே ட்ரானிக் தன் ஆய்வுகளில் கண்டார். நான் சேர்த்துக்கொள்ளக் கூடுதலாக ஒன்று: எத்தனை பேர் முன்னால் சொன்னோமோ, அத்தனை பேர் முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ் ஜனத்தை எங்கே போய்த் தேடுவது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா, வீட்டுக்காரர், மகள் எல்லோரும் இருக்கையில், "பாவம், இவன் அஞ்சாவது வளைவுலயே சொன்னான். நாந்தான் காதுல வாங்கல. வாந்தி வர்றது தப்பில்ல, நான் கத்துனதுதான் தப்பு" என்றேன். பையன் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "ஆமா, சொன்னேன்" என்றான். அவ்வளவுதான் பேசினான். இரண்டு வாரம் கழித்து அடிவயிறு வலிக்கிறது என்று என்னிடம் வந்தான். அதற்கு முன் ஒருமுறை அம்மாயியிடம் போயிருந்தான்.

இந்த ஐந்தும் உதவாத நிலை ஒன்று உண்டு. தினமும் கை ஓங்குகிறது, அடித்த பிறகு ஞாபகம் சரியாக இல்லை, தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சல் என்றால், இது வழிகளை ஒப்பிடுகிற நேரம் இல்லை, நமக்கே உதவி வேண்டும். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐ மகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். "உன்மேலயே கம்ப்ளெயிண்ட் பண்ணலாமா?" என்று கேட்டாள். பண்ணலாம் என்றேன். இரண்டு எண்ணும் எங்கள் ஃபிரிட்ஜில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.